இடது காலுக்கு ஒரு ஷிம்

என் இடது கால் வலது காலைவிட 9 மில்லிமீட்டர் குட்டை. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகியும் இது என் மனைவிக்குத் தெரியாமலே இருந்தது. நடையில் ஒரு சின்ன இழுப்பு இருப்பதை அவள் கவனித்திருந்தாள். “காலேஜ்ல ஃபுட்பால் ஆடும்போது முட்டி போயிடுச்சு” என்று நிச்சயதார்த்தத்தின்போதே சொல்லி வைத்திருந்தேன். நான் ஃபுட்பால் ஆடியதே கிடையாது. பாலிடெக்னிக் மைதானத்தின் ஓரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதனடியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நடந்தது வேறு. பதினோரு வயதில், மதுராந்தகம் பக்கம் பாட்டி ஊரில், மாமரத்திலிருந்து விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடியது, நடந்தேன், ஓடவும் ஓடினேன். வளர்கிற வயதில் அந்த ஒரு கால் மட்டும் கொஞ்சம் பின்தங்கிவிட்டது. யார் மேலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அடுத்த வீட்டு மாங்காய்க்கு ஆசைப்பட்டு ஏறி விழுந்தேன் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்ல முடியுமா? ஃபுட்பால் என்றால் கேட்பதற்கே ஒரு களை இருந்தது.

மறைப்பதற்கென்று நிறையப் பழக்கங்கள் வைத்திருந்தேன். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மொசைக் தரையில் நடந்தால் இரண்டு காலுக்கும் இரண்டு விதமான சத்தம் வரும், அதனால் வெளியே எங்கே போனாலும் ஷூ. போட்டோவுக்கு நிற்கும்போது வலது முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொள்வேன். பையை எப்போதும் இடது தோளில் மாட்டுவேன், சாய்வு பையால் என்று தோன்றட்டும் என்று. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு இடது ஷூவுக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு போனேன். கல்யாண ரிசப்ஷனில் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் கல்யாணப் பத்திரிகையையே நாலாக மடித்துக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு நின்றேன். நல்ல கெட்டியான அட்டை. மாமனார் செலவில் அடித்தது.

இதில் இன்னொரு கூத்து, என் தொழிலே ஷிம் போடுவதுதான். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவு. மோட்டாரையும் பம்ப்பையும் ஒரே கோட்டில் உட்கார வைக்கும் அலைன்மென்ட் வேலை. மோட்டாருக்கு நாலு கால். அதில் ஒன்று பேஸ் பிளேட்டில் சரியாகப் பதியாமல் இருந்தால், போல்ட்டை இறுக்க இறுக்க மோட்டாரின் உடம்பே முறுக்கிக்கொள்ளும். அதிர்வு வரும், பேரிங் சூடேறும், சீல் ஒழுகும். சாஃப்ட் ஃபுட் என்போம் அதை. ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளந்து, அந்தக் கனத்துக்குத் தகடு வெட்டிச் சொருகிவிட்டால் தீர்ந்தது, அந்தத் தகடுதான் ஷிம். கால் மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஜூனியர் பையன்களைத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் 9 மில்லிமீட்டரைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் பஸ்ஸைப் பிடிப்பேன்.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்து நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். ராஜகீழ்ப்பாக்கத்துப் பூங்காவில் தெரிந்தவர்கள் எல்லாரும் பார்க்க ரவுண்டு ரவுண்டாக நடப்பது எனக்கு ஏன் ஆகாது என்று இப்போது உங்களுக்குப் புரியும். சைக்கிள் வாங்கினேன். சைக்கிளில் ஏறிவிட்டால் யாருக்கும் என் கால் தெரியாது.

அது உண்மையாகவே நல்ல காலம். விடிவதற்கு முன்னால் கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் வரை லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய், கேளம்பாக்கம் சாலையில் திரும்பிவிட்டால் மூச்சு விடலாம். ரத்தினமங்கலம், மேலக்கோட்டையூர், மாம்பாக்கம், புதுப்பாக்கம், அப்புறம் கோவளம், ஈ.சி.ஆர். மேலக்கோட்டையூரில் உடற்கல்வி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தய ஓடுதளம், இருக்கிறது. இந்தப் பக்கத்து இளைஞர்களுக்குச் சைக்கிள் மேல் இவ்வளவு பித்து எப்படி வந்தது என்று கேட்பவர்களை அங்கே அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். வழியில் ஒரு குழுவோடு பழக்கமானது. எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், “அங்கிள்” என்று கூப்பிட்டுவிட்டு என்னை முந்திப் போவார்கள்.

அவர்கள் காலில்தான் க்ளீட் ஷூவை முதலில் பார்த்தேன். ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்பு அல்லது பிளாஸ்டிக் கட்டை. அதை பெடல் மேல் வைத்து அழுத்தினால் ‘டக்’கென்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். இந்த ஏற்பாடு பனிமலையிலிருந்து சாலைக்கு இறங்கி வந்தது. பிரான்ஸில் நெவேர் என்ற ஊரில் 1951-ல் ஜான் பெய்ல் தொடங்கிய லுக் என்ற கம்பெனி, பனிச்சறுக்குப் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் செய்துகொண்டிருந்தது. சறுக்குபவன் விழுந்தால் கால் முறுக்கி உடைவதற்குள் பிடியை விட்டுவிட வேண்டும், அதுதான் பைண்டிங்கின் சூட்சுமம். அதே யோசனையை 1984-ல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். மறு வருடமே பெர்னார் இனோ அந்தப் பெடலை மிதித்து டூர் தெ பிரான்ஸ் ஜெயித்தார். அதுவரை காலைத் தோல்வாரால் கட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். 1990-ல் ஜப்பானின் ஷிமானோ, எஸ்.பி.டி. என்ற, இரண்டு போல்ட் வைத்த சின்ன க்ளீட்டைக் கொண்டுவந்தது. ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் அது அடங்கிவிடும் என்பதால் இறங்கி நடக்கவும் முடியும்.

நானும் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நாளில் வலி ஆரம்பித்தது. இடது முட்டிக்குப் பின்னால், மடிப்பில். கூடவே சீட்டில் ஒரு பக்கம் மட்டும் தோல் உரிந்தது.

சாதாரண பெடலில் செருப்புக் காலோடு மிதிக்கும்போது கால் தன் இஷ்டத்துக்கு நகர்ந்துகொள்ளும். குட்டைக் கால் விரல் நுனியால் எட்டி மிதிக்கும், நீளக் கால் நடுப்பாதத்தால் மிதிக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். க்ளீட் அந்தச் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது. ஷூவின் அடிப்பாகம் கார்பனாலோ கெட்டி நைலானாலோ ஆனது, வளையாது. பாதம் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் பூட்டப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 85 சுற்று என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் 15,300 சுற்று. அத்தனை முறையும் இடது கால் எட்டாத இடத்துக்கு எட்டுகிறது, அத்தனை முறையும் இடுப்பு அந்தப் பக்கம் சரிந்து கொடுக்கிறது. சாஃப்ட் ஃபுட் உள்ள மோட்டார் நான்தான். ஆனால் ஃபீலர் கேஜை என் பக்கம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

பைக் ஃபிட்டிங் செய்கிற ஒரு இளைஞரிடம் போனேன். டிரெய்னர் ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி என்னை ஏற்றி ஓட்டவிட்டு, பின்னால் நின்று பார்த்தார்.

“சார், இடுப்பு லெஃப்ட்ல இறங்குது. பழைய அடி ஏதாவது?”

“இல்லையே.”

“சின்ன வயசுல?”

“ஃபுட்பால் ஆடும்போது முட்டில லேசா பட்டுச்சு.”

அவர் மறுபடி பின்னால் போய்ப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சீட்டைக் கொஞ்சம் இறக்கினார். இடது முட்டி வலி குறைந்தது, வலது முட்டியின் முன்பக்கம் வலி வந்தது. இதில் ஆச்சரியமில்லை. சீட் உயரத்தை நீளக் காலுக்கு வைத்தால் குட்டைக் கால் இழுபடும், குட்டைக் காலுக்கு வைத்தால் நீளக் கால் அதிகமாக மடங்கி நசுங்கும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வலிக்கும். அந்த மூன்றாவது நிலையில் கணிசமான காலம் ஓட்டினேன். ஈ.சி.ஆரில் முட்டுக்காடு பாலத்தில் நின்று எல்லாரும் சூரியோதயம் பார்க்கும்போது நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

பூட்டைத் திறந்தவன் மியூனிக்கில் இருக்கும் என் அக்கா மகன்.

அவன் குளிர்காலத்தில் சனி ஞாயிறானால் ஆஸ்திரிய மலைகளுக்குக் கிளம்பிவிடுவான். ஸ்னோபோர்டு என்ற ஒற்றைப் பலகையில் சறுக்குவான். தொளதொள உடையும் மெத்தென்ற பூட்ஸும் போட்டு அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிக்கிற வகை இல்லை. அவனுடையது ஆல்பைன் கார்விங், அது வேறு மரபு. ஒலிம்பிக்ஸில் 1998 நகானோவிலிருந்து இருக்கிறது. செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா 2018-ல் பனிச்சறுக்கில் ஒரு தங்கம், இந்தப் பலகையில் ஒரு தங்கம் என்று ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டும் வாங்கினார். ஒடுக்கமான, நீளமான பலகை. அதை அகலவாக்கில் வழுக்க விடாமல் விளிம்பின் மேலேயே சாய்த்து நிறுத்தி, பனியில் மெல்லிய வளைகோடு மட்டும் விழும்படி இறங்கி வர வேண்டும். நல்ல ஆள் சாய்ந்தால் இடுப்பு பனியை உரசும்.

ஒருநாள் வீடியோ காலில் வந்தபோது பலகையைச் சாப்பாட்டு மேசை மேல் கிடத்தி ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தான். மெயின்டனன்ஸ்காரன் சும்மா இருப்பேனா, என்ன ஏது என்று கேட்டேன். கேமராவைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினான். அந்த விளையாட்டுக்குப் பூட்ஸ் கெட்டி பிளாஸ்டிக் ஓடு, உள்ளே கழற்றி மாட்டும் மெத்தை உறை. பைண்டிங் என்பது உலோகத் தட்டு, பூட்ஸின் முன்னும் பின்னும் கம்பி வளையங்கள் கவ்விக்கொள்ளும். பனிச்சறுக்கு பைண்டிங் மாதிரி விழும்போது விட்டுவிடாது, விழுந்தாலும் பலகை காலோடுதான் வரும். அதனால் அமைக்கும்போதே கால், முட்டி, இடுப்பு எதுவும் பலகையோடு மல்லுக்கட்டாதபடி அமைத்தாக வேண்டும்.

“முன்கால் 60 டிகிரி, பின்கால் 56 வச்சிருக்கேன் மாமா. பலகை ஒடுக்கம். குறுக்கால நின்னா பூட்ஸோட நுனி ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிக்கும். சாயும்போது அது பனில இடிச்சா ஆளையே தூக்கி அடிச்சிடும். அதான் இவ்வளவு திருப்பி வைக்கிறோம்.”

“இந்த ஆப்பு எதுக்குடா?” தட்டுக்கடியில் சாய்வான துண்டுகள் இருந்தன.

“முன்கால்ல விரல் பக்கம் தூக்கும், பின்கால்ல குதிகால் பக்கம் தூக்கும்.”

“ஒரு காலுக்கு ஒரு மாதிரியா?”

“ஆமா. ரெண்டையும் ஒரே மாதிரி வச்சா ஓட்டவே முடியாது மாமா. முன்கால் செய்யற வேலை வேற, பின்கால் செய்யற வேலை வேற.”

அவனுக்கு என் கதை தெரியாது. அக்காவுக்குத் தெரியும், ஆனால் அவளும் மாமரத்தில் கூட ஏறியவள் என்பதால் வாயைத் திறந்ததில்லை. நான் இத்தனை வருடமாக அட்டை மடித்து மறைத்த காரியத்தை இந்தப் பையன் மேசை மேல் பரப்பி, டிகிரி சொல்லி, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு செய்கிறான். அந்த விளையாட்டை ஆடுகிற அத்தனை பேருக்கும் இரண்டு காலுக்கும் இரண்டு அளவு, கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை. பூட்ஸ் தேர்ந்தெடுக்கும் விதத்தையும் காட்டினான். உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னால் எத்தனை விரல் போகிறது என்று பார்ப்பார்களாம். ஒன்றிரண்டு விரல் இடைவெளிக்கு மேல் போனால் பூட்ஸ் பெரிது, கடையில் உள்ளுறையோடு போட்டுப் பார்த்தால் எந்த பூட்ஸும் சொகுசாகத்தான் இருக்கும் என்றான். அளவும் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதுதான், 8-ஆம் நம்பர் 9-ஆம் நம்பர் கிடையாது.

மறுவாரம் ஃபிட்டரிடம் போய், “தம்பி, போன தடவை நான் சொன்னது பொய்” என்றேன். அவர் முகத்தில் கோபமோ வியப்போ இல்லை. “தெரியும் சார். வலது சாக்ஸ் தேயற மாதிரி லெஃப்ட் தேயல” என்றார். முதலில் எலும்பு டாக்டரைப் பார்த்து வரச் சொன்னார். டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார். டேப் அளவு ஏமாற்றும், எலும்பு ஒத்திருந்தும் இடுப்பு முறுக்கிக் கிடந்தால் குட்டையாகத் தெரியும் என்று எக்ஸ்ரேயும் எடுத்தார். அதில் வந்ததுதான் 9 மில்லிமீட்டர். ஒரு எண்ணாகக் கேட்டபோது மனது லேசானது. நான் மனதுக்குள் வைத்திருந்த அளவு இரண்டு அங்குலம் இருக்கும்.

உடனே 9 மி.மீ. ஷிம் வெட்டிவிடலாம் என்று கிளம்பினேன். ஃபிட்டர் தடுத்தார். மோட்டாரில் முழு இடைவெளியையும் அடைத்தாக வேண்டும், மனித உடம்பில் அது கூடாதாம். இத்தனை வருடத்தில் இடுப்பும் முதுகுத்தண்டும் அந்த வித்தியாசத்துக்கு ஏற்பத் தம்மை வளைத்துக்கொண்டிருக்கும். முழுக்கச் சரிசெய்தால் முட்டியை விட்டு வலி முதுகுக்குப் போகும். பாதி அல்லது பாதிக்கும் கீழே தொடங்கி, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டலாம். சீட் உயரத்தை நீளக் காலுக்கு வைத்துவிட்டு, குட்டைக் காலின் க்ளீட்டுக்கும் ஷூவுக்கும் நடுவே 3 மி.மீ. தகடு. தோலோ ரப்பரோ வைத்தால் அமுங்கும், உலோகமோ கெட்டி பிளாஸ்டிக்கோதான் வேண்டும். தகடு ஏறினால் பழைய போல்ட் எட்டாது, அதே எம்5 மரையில் நீளமான போல்ட் போட வேண்டும். இந்த இடத்தில் மட்டும் நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். மரை எத்தனை சுற்று உள்ளே பிடித்தால் போதும் என்பது எங்கள் ஊர்ச் சமாசாரம்.

ஷூவையும் மாற்றச் சொன்னார், நியாயம்தான். என் முதல் ஜோடி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது. பழைய கம்ப்யூட்டர், ரோஜாச் செடி, புறா, கிராமபோன் பெட்டி என்று எதைத் தேடினாலும் கிடைக்கும் அந்தச் சந்தையில் யாரோ வெளிநாட்டுக்காரர் போட்டுக் கழித்த சைக்கிள் ஷூவும் கிடைத்தது. நீளம் சரியாக இருந்தது. அகலம் என் சுண்டுவிரலைக் கொன்றது. இது என் கால் மட்டும் செய்த பாவம் இல்லை. அடையாறில் சர்தார் படேல் சாலையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டில் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை ஸ்கேன் செய்து அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம்முடையவை அகலம் என்று அதில் தெரிய வந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு முறைக்குப் பதில் ‘பா’ என்ற இந்திய அளவு முறை ஒன்றையும் முன்வைத்தார்கள். குரோம் லெதர் கம்பெனியால் ஒரு ஊருக்கே பெயர் வந்த, ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு, நாம் இத்தனை காலம் அடுத்தவன் கால் அளவுக்கு விரலை மடக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

புது ஷூ வாங்கப் போனபோது அக்கா மகன் சொன்னதையே செய்தேன். சாயங்காலம் போனேன், பகல் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், நம் வெயிலில் சைக்கிள் மிதிக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். சைக்கிளுக்குப் போடுகிற மெல்லிய சாக்ஸையே கொண்டுபோனேன். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். கால் இரண்டு பக்கமும் அதைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். முதல் மூன்று ஜோடியும் வழிந்தன. கடைக்காரப் பெண், “லெதர் விட்டுக் குடுக்கும் சார்” என்றாள். அந்த ஷூக்களில் லெதரும் இல்லை, விட்டுக்கொடுப்பதும் இல்லை. கடைசியில் அகலப் பதிப்பு என்று தனியாகக் குறித்திருந்த ஒன்று கிடைத்தது. குதிகால் தூக்காமல் பிடிக்க வேண்டும், விரல்கள் அசைய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கிவிடலாம். எனக்கு அமைந்தது கிளிப்பச்சை. க்ளீட்டில் இரண்டு போல்ட் வகையே எடுத்தேன். மூன்று போல்ட் போட்ட பெரிய பிளாஸ்டிக் க்ளீட் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு. டீக்கடையில் டைல்ஸ் தரை இருந்தால் அதோடு நடப்பதற்குத் தனித் தைரியம் வேண்டும், நான் ஒவ்வொரு டீக்கடையிலும் இறங்குகிறவன்.

க்ளீட் பூட்டுவதுதான் நுணுக்கமான வேலை. பெருவிரலுக்குக் கீழே துருத்தும் எலும்பு, சுண்டுவிரலுக்குக் கீழே துருத்தும் எலும்பு, இரண்டையும் ஷூவுக்கு வெளியே தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பெடலின் அச்சு அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே வந்தால் சரியான தொடக்கம். நீண்ட தூரம் போகிறவர்கள் அதற்கும் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டால் ஆடுசதைக்கு இளைப்பு குறையும், பாத எரிச்சலும் குறையும். குறி வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அலமாரியில் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. ஷூ மேல் நாலு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

“என்ன, ஷூவுக்குச் சீமந்தமா?”

சொன்னேன். மாமரம், கட்டு, 9 மில்லிமீட்டர், ரிசப்ஷனில் பத்திரிகை எல்லாவற்றையும். அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்ப ஃபுட்பால்?”

“ஆடல.”

“எங்கப்பா சாகற வரைக்கும் எம் மாப்ள ஃபுட்பால் பிளேயர்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாரு. வேர்ல்ட் கப் வந்தா உங்களுக்குன்னு ராத்திரி முழிச்சிருந்து பார்த்தாரு, காலைல உங்ககூடப் பேசணும்னு.”

கால் குட்டை என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மாமனாரின் தூக்கம் போனது மட்டும் அவளுக்கு ஆறவில்லை, எனக்கும்தான். கொஞ்சம் கழித்து அவளே கீழே உட்கார்ந்து, நான் தொட்டுக் காட்டிய எலும்பின் மேல் கோணலாக ஒட்டியிருந்த பொட்டை எடுத்துச் சரியாக ஒட்டினாள். பொட்டு ஒட்டுவதில் அவளுக்குக் கை பழக்கம்.

பாதத்தின் திருப்பத்துக்கு ஒரு வழி உண்டு. மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டால், பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் அதன் கோணம். என் வலது பாதம் நேராகப் பார்த்தது, இடது வெளிப்பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தது. முதலில் இரண்டு க்ளீட்டையும் நேராகப் பூட்டியிருந்ததில், இடது முட்டி ஒவ்வொரு சுற்றிலும் உள்பக்கம் முறுக்கப்பட்டிருந்தது. இப்போது இடது க்ளீட் கோணலாக இருக்கிறது. பார்க்கிறவர்கள், “அங்கிள், லூஸாயிடுச்சு, திரும்பிக்கிச்சு” என்று எச்சரிப்பார்கள். எஸ்.பி.டி. க்ளீட்டில் சுமார் 4 டிகிரி ஆட்டம் இருக்கும், பாதத்தின் இயல்பான கோணம் அந்த ஆட்டத்தின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் முட்டி எப்போதும் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும்.

மற்றவை சின்ன விஷயங்கள். பெடலின் டென்ஷன் ஸ்குரூவை முதலில் எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்திவிட வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பழகிய பிறகு இறுக்கலாம். க்ளீட் போல்ட்டுக்கு 5-6 நியூட்டன் மீட்டர், மரையில் கிரீஸ் தடவாமல் பூட்டவே கூடாது. ஈ.சி.ஆரின் உப்புக்காற்றும் ஷூவுக்குள் வடியும் வியர்வையும் சேர்ந்து போல்ட்டைத் துருவேற்றி ஒட்டவைத்துவிடும், அப்புறம் ஆலன் கீ வழுக்கும், டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். க்ளீட்டைக் கழற்றும் முன் பெயின்ட் மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால் புதிதை அதே இடத்தில் உட்கார வைக்கலாம். தொழிற்சாலையில் எந்த பேஸ் பிளேட்டையும் கோடு போடாமல் நான் கழற்றியதில்லை.

தரையில் நடப்பதற்குப் பழைய பல்லாவரத்தில் ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடித்தேன். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பில் இடது காலுக்கு மட்டும் அடியில் ஒரு அடுக்கு கூட வைத்துத் தரக் கேட்டேன். எத்தனை என்று கேட்டார், 4 மில்லி என்றேன். இருக்கிற தாளை அடுக்கிக் காட்டி, “இதானே?” என்றார். காலிப்பர் இல்லாமல் சரியாகக் கையில் எடுத்திருந்தார். நான் சொன்ன மாமரக் கதையை அவர் பாதிதான் கேட்டார், அடுத்த ஆள் ஒரு ஹைஹீல்ஸ் செருப்போடு காத்திருந்தார். இப்போது மொசைக் தரையில் நடந்தால் இரண்டு காலுக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம்.

குழுவில் விஷயம் பரவியதும் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பெருவிரல் எலும்பு துருத்தல், அதனால் ஆண்கள் ஷூதான் போடுகிறாள். ஒருவருக்குத் தட்டைப் பாதம், உள்வளைவே கிடையாது. எனக்கு முன்னால் பறக்கும் ஒரு பையனுக்கு வலது பாதம் இடதைவிட ஒரு சைஸ் பெரிசாம், இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூக்கிப் போடுகிறான். ஒவ்வொரு வாரமும் ஒன்றாகச் சேர்ந்து இட்லி சாப்பிடுகிறவர்கள், யாரும் யார் காலையும் பார்த்ததில்லை.

3 மி.மீ. தகட்டில் தொடங்கி, உடம்பு கேட்கக் கேட்கக் கொஞ்சம் கூட்டி, இப்போது 5-ல் நிற்கிறேன். முட்டி இரண்டும் சும்மா இருக்கின்றன. போன வாரம் தொழிற்சாலையில் நல்ல அலுமினியத் துண்டு ஒன்று மிச்சம் கிடந்தது. ஃபிட்டருக்குப் போன் செய்து, “தம்பி, 6 போட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டேன்.

“வலிக்குதா சார்?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”